பொம்மை டாங்கியின் வயிற்றுக்குள்: அழுக்குப் பூசும் கலையின் வரலாறு

ஒரு பொருளைப் புத்தம் புதிதாகச் செய்துவிட்டு, அடுத்த நிமிடமே அதைப் பழசாக்க மாதக்கணக்கில் மெனக்கெடுபவர்கள் உலகில் இருக்கிறார்கள். போர் வாகனங்களின் சிறு மாதிரிகளைச் செய்பவர்கள்தான் அவர்கள். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, ஒரு அடி நீளம்கூட இல்லாத டாங்கி ஒன்றை உருவாக்குவார்கள். அழகாக வண்ணம் அடிப்பார்கள். பிறகு அந்த அழகின் மேல் சேறு, துரு, எண்ணெய்க் கறை, புகைக்கரி எல்லாவற்றையும் பொறுமையாகப் பூசுவார்கள்! ஆங்கிலத்தில் இதற்கு வெதரிங் என்று பெயர். வெயிலும் மழையும் பட்டுப் பட்டு ஒரு பொருள் அடையும் கோலத்தைத் தூரிகையாலேயே கொண்டு வரும் வேலை.

சரி, வெயிலும் மழையும் படாத இடத்தில் என்ன செய்வது? அதாவது டாங்கியின் உள்ளே? அங்கே அழுக்கு எப்படி வரும், எந்த இடத்தில் வரும், யாரால் வரும்? விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கேள்வி பொம்மைக் கடையில் ஆரம்பித்து, இரண்டாம் உலகப் போரின் பழுது பார்க்கும் பட்டறையில் போய் நிற்கிறது.

பேட்டரி இருந்த இடம்

இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. ஆரம்பத்தில் பொம்மை டாங்கிக்கு உட்புறம் என்ற ஒன்றே கிடையாது.

ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946-ல் மர வியாபாரமாகத் தொடங்கியது தமியா நிறுவனம். பிறகு மரத்தால் கப்பல், விமான மாதிரிகள் செய்தது. 1960-ல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1961-ல் ஜெர்மானியர்களின் பான்தர் டாங்கியை வெளியிட்டது. மோட்டார் வைத்த, தானாக ஓடும் டாங்கி அது. பையன்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். அதன் வெற்றியைப் பார்த்து மற்ற நாட்டு டாங்கிகளையும் இதே அளவில் செய்யலாம் என்று ஷுன்சாகு தமியா முடிவெடுத்தார். பான்தரை அளந்து பார்த்தபோதுதான் அது நிஜ டாங்கியில் ஏறக்குறைய 35-ல் ஒரு பங்கு என்று தெரிய வந்ததாம். ஏன் 35? பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. உள்ளே இரண்டு பேட்டரி அடங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இன்றைக்கு உலகம் முழுவதும் ராணுவ மாதிரிகளுக்கு மிகவும் பரவலாகப் புழங்கும் அளவு இந்த 35-ல் ஒன்றுதான். நிஜத்தில் ஐந்து மனிதர்கள் உட்கார்ந்து, வியர்த்து, பயந்து, பல நேரம் செத்தும் போன அந்த இடம், பொம்மையில் இரண்டு பேட்டரிக்கான இடமாக இருந்தது! அந்த இரண்டு பேட்டரிதான் இந்தத் துறைக்கே அளவுகோல் கொடுத்தது.

மெல்ல மெல்ல வாங்குபவர்களின் வயது கூடியது. ஓட்டி விளையாடுவதை விட அலமாரியில் வைத்துப் பார்ப்பவர்கள் பெருகினார்கள். மோட்டார் போயிற்று, பேட்டரி போயிற்று. ஆனால் அவை இருந்த இடம் வெறும் பள்ளமாகவே நெடுங்காலம் கிடந்தது. மேல் மூடியைத் திறந்து வைத்தால் உள்ளே இருட்டும் பிளாஸ்டிக்கும்தான் தெரியும். அதனால் அந்த மூடிக்குள் இடுப்பளவு சிப்பாய் பொம்மை ஒன்றைச் செருகி அடைத்துவிடுவார்கள். பலர் இன்றைக்கும் செய்கிற தந்திரம் இது.

அழுக்குக்கும் ஆசிரியர்கள் உண்டு

மாதிரிகளை அழுக்காக்கும் பழக்கம் ராணுவ மாதிரிகளில் மட்டும் வளர்ந்ததல்ல. ரயில் மாதிரி செய்பவர்கள் இதில் முன்னோடிகள். கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் வாழ்ந்த ஜான் ஆலன், தன் வீட்டின் அடித்தளத்தில் மலை, பள்ளத்தாக்கு, ஊர் என்று ஒரு பெரிய ரயில் உலகத்தையே கட்டினார். அவருடைய எஞ்சின்களில் கரி படிந்திருக்கும், கட்டடங்கள் சாயம் போயிருக்கும். அந்தக் காலத்தில் பளபளவென்று இருந்த மற்ற மாதிரிகளுக்கு நடுவே இவருடையது தனியாகத் தெரிந்தது. (1973-ல் அவர் இறந்த சில நாட்களிலேயே தீப்பிடித்து அந்த உலகத்தின் பெரும்பகுதி எரிந்து போனது தனி சோகம்.)

ராணுவ மாதிரிகளுக்கு இதைக் கற்றுக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான ஷெப்பர்ட் பெய்ன். 1970-களில் மோனோகிராம் நிறுவனத்தின் பெட்டிகளுக்குள் துண்டுப் பிரசுரங்கள் வரும். அவற்றில் அவர் செய்த காட்சி மாதிரிகளின் படமும் செய்முறையும் இருக்கும். பெட்டி வாங்கிய பள்ளி மாணவனுக்கு ஒரு வாத்தியாரும் இலவசமாகக் கிடைத்த மாதிரி! நீர்த்த கருமையான வண்ணத்தை மேலே ஓடவிட்டால் அது இடுக்குகளில் போய்த் தங்கி நிழல் போலத் தெரியும். இதன் பெயர் வாஷ். தூரிகையில் இருக்கும் வண்ணத்தை ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, மேடான விளிம்புகளில் மட்டும் உரசினால் அவை வெளிச்சம் பட்டது போலத் துலங்கும். இது டிரை பிரஷ். 1980-களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிரான்சுவா வெர்லிண்டன் இந்த இரண்டையும் உச்சத்துக்குக் கொண்டு போனார். 2000-களில் ஸ்பெயின்காரர்கள் வந்தார்கள். மிக் ஹிமெனெஸ் போன்றவர்கள், அதுவரை ஒவ்வொருவரும் சமையலறையில் கலந்து கொண்டிருந்த சேற்றையும் துருவையும் புட்டியில் அடைத்து விற்க ஆரம்பித்தார்கள். அழுக்கும் ஒரு வியாபாரம் ஆயிற்று.

அதே காலத்தில் பரவியதுதான் ஹேர் ஸ்பிரே உத்தி. முதலில் உலோகம் அல்லது துருவின் நிறத்தைப் பூசுவார்கள். அதன் மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே. அதற்கும் மேலே அக்ரிலிக் வண்ணம். காய்ந்தபின் தண்ணீர் தொட்டுக் குச்சியால் சுரண்டினால் நடுவில் இருக்கும் ஸ்பிரே கரைந்து, மேல் வண்ணம் நிஜமாகவே உதிரும். உதிர்ந்தது போல் வரைவது ஒன்று, உண்மையிலேயே உதிர வைப்பது வேறொன்று. வித்தியாசம் பார்த்தாலே தெரியும்.

இத்தனையும் வெளிப்புறத்துக்காகக் கண்டுபிடித்தவை. 2010-களின் பிற்பாதியில் ரை ஃபீல்ட், டாகோம், உக்ரைனின் மினிஆர்ட் முதலிய நிறுவனங்கள் எஞ்சின், இருக்கை, குண்டு அடுக்கு வரை முழு உட்புறமும் கொண்ட டாங்கிகளை வரிசையாக வெளியிட்டன. அதற்கு முன்பும் இப்படிச் சில வந்ததுண்டு. ஆனால் இந்த வேகம் புதிது. உடனே ஒரு தவறும் கூடவே வந்தது. வெளியே பூசிக் கொண்டிருந்த அதே துருவையும், அதே மழை வழிந்த கோட்டையும் அப்படியே உள்ளேயும் பூச ஆரம்பித்தார்கள்.

கூரைக்குள்ளே மழை பெய்யுமா?

மூடி திறந்திருந்தால் உள்ளேயும் கொஞ்சம் மழை விழும். ஆனாலும் சுவர் முழுக்கத் துரு வழிய வேண்டுமென்றால் அந்த டாங்கி கைவிடப்பட்டு ஆண்டுக்கணக்கில் காட்டில் கிடந்திருக்க வேண்டும். போரில் ஓடிய டாங்கிக்கு அவ்வளவு ஆயுள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. 1944 ஜூனில் நார்மண்டியில் இறங்கிய எத்தனையோ டாங்கிகள் ஓரிரு மாதம்கூடத் தாண்டவில்லை. துருப்பிடிக்கவும் அவகாசம் வேண்டுமல்லவா?

உட்புறத்தின் அழுக்கு வானிலையால் வருவதல்ல. அது மனிதர்களால் வருவது. கால் எங்கே மிதிக்கும், கை எதைப் பிடிக்கும், முதுகு எங்கே உரசும் என்று தெரிந்தால்தான் அதைப் பூச முடியும். ஓட்டுநர் உள்ளே இறங்கும்போது இருக்கையின் மேல் மிதிப்பார். சேறு அங்கேதான் முதலில் ஒட்டும். பிறகு காய்ந்து, பொடியாகி, தரையின் மூலைகளில் போய்ச் சேரும். மூடியின் விளிம்பில் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை பூட்ஸும் பெல்ட்டும் உரசும். அங்கே வண்ணம் போய் இரும்பு தெரியும். ஆனால் அந்த இரும்பு துருப்பிடிக்காது, பளபளக்கும். தினமும் தேய்கிற பேருந்துப் படிக்கட்டின் ஓரத்தைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். மாதிரி செய்பவர்கள் இந்தப் பளபளப்புக்குப் பயன்படுத்துவது சாதாரண பென்சில்! மென்மையான பென்சிலின் கரியை விளிம்பில் தேய்த்தால் தேய்ந்த இரும்பின் மினுமினுப்பு அப்படியே வந்துவிடும்.

அளவையும் மறக்கக் கூடாது. 35-ல் ஒரு பங்கு உலகத்தில் 1 மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 35 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டருக்கு ஒரு கீறல் போட்டால் அது நிஜத்தில் கட்டை விரல் அகல ஓட்டை. கை கொஞ்சம் தாராளமாகப் போனால் சுவரே பெயர்ந்து விழுந்த மாதிரி ஆகிவிடும்.

ஒவ்வொரு டாங்கிக்கும் அழுக்கின் வரைபடம் வேறு. ஜெர்மானிய டைகர் டாங்கியில் சுழலும் கூண்டோடு சேர்ந்து தரையும் சுழலும். குண்டு நிரப்புபவர் அந்தத் தட்டின் மேலேயே நிற்பார். அதனால் தேய்மானமும் அந்த வட்டத்துக்குள்தான். சோவியத்தின் டி-34-ல் அப்படிச் சுழலும் தரை கிடையாது. குண்டுகளில் பெரும்பகுதி தரையிலேயே பெட்டிகளில் இருக்கும், மேலே ரப்பர் விரிப்பு. குண்டு நிரப்புபவர் அந்தப் பெட்டிகளின் மேல்தான் நிற்க வேண்டும். கூண்டு திரும்பினால் அவரும் கூடவே நடக்க வேண்டும். கைக்கெட்டும் குண்டுகள் தீர்ந்ததும் காலுக்குக் கீழே இருக்கும் விரிப்பைத் தூக்கி, பெட்டியைத் திறந்து எடுக்க வேண்டும். சண்டை நடந்து கொண்டிருக்கும்போது இத்தனையும்! டி-34-ன் தரையைச் சீராக, ஒழுங்காக அழுக்காக்கியிருக்கும் மாதிரியைப் பார்த்தால், செய்தவர் அந்த மனிதரைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

ஏன் வெள்ளை?

போர் வாகனம் என்றாலே பச்சை, மண் நிறம் என்று பழகிய கண்ணுக்கு உட்புறம் ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கிக்குள் வெள்ளை. ஜெர்மானிய டாங்கிக்குள் மேல் பாதி தந்த நிறம், கீழே பெரும்பாலும் துரு தடுக்கும் செம்பழுப்பு. காரணம் எளிமையானது. மூடிகளை அடைத்தால் உள்ளே இருட்டு, வெளிச்சத்துக்குச் சில சின்ன விளக்குகள் மட்டுமே. இருக்கும் வெளிச்சத்தைச் சிதறடிக்க வெளிர் நிறம் வேண்டும்.

ஷெர்மனில் மூடியின் உள்பக்கம் மட்டும் வெள்ளை கிடையாது, வெளியே உள்ள அதே ஆலிவ் பச்சை. திறந்து வைக்கும்போது வெள்ளை மூடி தூரத்திலிருந்தே எதிரிக்குக் காட்டிக் கொடுத்துவிடும். மேலே கூரையில்லாத கவச வண்டிகளின் உட்புறத்துக்கும் பச்சை அடித்தது இதனால்தான், விமானத்திலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது. மாதிரி செய்பவர்கள் இந்த இடத்தில் அடிக்கடி சறுக்குவார்கள்.

உள்ளே வண்ணம் உதிர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது உரசல் இல்லை. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் டாங்கிகளில் எட்டுப் பேர் எஞ்சினோடு ஒரே அறையில் இருந்தார்கள். வெளிக் கவசத்தில் துப்பாக்கிக் குண்டுகள் மோதும்போது உட்பக்கம் உலோகச் சில்லுகள் தெறிக்கும். கண்ணையும் முகத்தையும் காப்பாற்ற அவர்களுக்குத் தோலும் இரும்பும் சேர்ந்த முகமூடி கொடுத்தார்கள், வாய்ப்பக்கம் சங்கிலி வலை தொங்கும். லண்டன் அருங்காட்சியகத்தில் இதைப் பார்ப்பவர்கள் ஏதோ இடைக்காலப் போர்வீரனுடையது என்று நினைத்தால் ஆச்சரியமில்லை. உள்சுவரில் ஒரு இடத்தில் மட்டும் கும்பலாக உதிர்ந்த வண்ணம் என்றால், வெளியே அந்த இடத்தில் யாரோ சுட்டார்கள் என்று அர்த்தம்.

மேலே பூசிய வெள்ளை

இனிமேல்தான் விஷயத்தின் கனமான பகுதி.

பெல்டன் கூப்பர் என்பவர் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 3-வது கவசப் பிரிவில் தளவாட அதிகாரி. சேதமான டாங்கிகளை மீட்டுப் பழுது பார்ப்பது அவருடைய பிரிவின் வேலை. 1998-ல் அவர் எழுதிய நினைவுக் குறிப்பு டெத் டிராப்ஸ். அதில் ஒரு கணக்கு வருகிறது. நார்மண்டிக்குள் நுழைந்தபோது அந்தப் பிரிவிடம் இருந்தவை 232 ஷெர்மன்கள். போர் முடிவதற்குள் 648 ஷெர்மன்கள் முற்றாக அழிந்தன. இன்னும் 700 அடிபட்டு, பழுது பார்க்கப்பட்டு, மறுபடியும் களத்துக்குப் போயின. (ஷெர்மன் மட்டமான டாங்கி என்ற அவரது முடிவைப் பல வரலாற்றாசிரியர்கள் மறுத்திருக்கிறார்கள். அந்த மறுப்பில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பட்டறையில் அவர் கண்ணால் கண்டதை அந்த விவாதம் தொடுவதில்லை.)

அந்த 700 டாங்கிகளும் எப்படித் திரும்பிப் போயின? துளைத்த ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்தார்கள். அறுந்த கம்பிகளை மாற்றினார்கள். உள்ளே இருந்தவர்களின் உடல்களை, உடல்களில் மிஞ்சியதை, வெளியே எடுத்தார்கள். கிருமிநாசினி போட்டுக் கழுவினார்கள். அப்படியும் இடுக்குகளில் இருப்பது முழுதாகப் போகாது, நாற்றமும் போகாது. கடைசியில் உட்புறம் முழுவதற்கும் புதிதாக வெள்ளை வண்ணம் அடித்தார்கள். வண்ணத்தின் வாசனை மற்ற வாசனையை அமுக்கிவிடும். புதிதாக வந்து ஏறும் ஐந்து பேருக்கு அதில் யார் இருந்தார்கள், என்ன ஆனார்கள் என்பது தெரியாமல் இருப்பது நல்லது என்று நினைத்தார்கள்.

மாதிரி செய்பவர்களின் கணக்கை இது தலைகீழாக்குகிறது. வண்ணம் உதிர்ந்து, எண்ணெய் படிந்து, பூட்ஸ் தேய்த்துக் கறுத்த உட்புறம் என்றால் ஒரே ஐந்து பேர் பல மாதம் அதற்குள் உயிரோடு இருந்திருக்கிறார்கள். காப்பி சிந்தியிருக்கிறார்கள், போர்வையைச் சுருட்டி மூலையில் திணித்திருக்கிறார்கள். அழுக்கு இங்கே நல்ல செய்தி. புத்தம் புதிதாக, பளீரென்று, ஒரு கீறல்கூட இல்லாத வெள்ளை என்றால்? தொழிற்சாலையிலிருந்து நேராக வந்ததாக இருக்கலாம். அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

1944-ல் இன்னொரு மாற்றமும் வந்தது. அதுவரை ஷெர்மனின் குண்டுகள் பக்கவாட்டுச் சுவர்களை ஒட்டி இருந்தன. துளைத்து வரும் எதிரிக் குண்டு முதலில் சந்திப்பது அவற்றைத்தான். புதிய டாங்கிகளில் அவற்றைத் தரைக்கு மாற்றி, பெட்டிகளைச் சுற்றி நீர்க்கலவையை நிரப்பினார்கள். பழைய முறையில் துளைக்கப்பட்ட ஷெர்மன்களில் 60 முதல் 80 சதவீதம் வரை எரிந்தன. புதிய முறையில் அது 10 முதல் 15 சதவீதமாகக் குறைந்தது என்று அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு சொன்னது. முழுதாக எரிந்த டாங்கியை யாரும் வெள்ளையடித்துத் திருப்பி அனுப்ப முடியாது, சூட்டில் கவசமே கெட்டுவிடும். பட்டறையிலிருந்து திரும்பிப் போனவை எரியாமல் தப்பியவை.

2014-ல் வந்த ஃப்யூரி திரைப்படத்தில் இதற்குப் பக்கத்தில் ஒரு காட்சி இருக்கிறது. புதிதாக வந்து சேரும் இளைஞனிடம் வாளியைக் கொடுத்து, தனக்கு முன்னால் அந்த இருக்கையில் இருந்தவனின் எச்சத்தைச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். படத்துக்காக இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகம் தன் ஷெர்மனையும், 1943-ல் துனிசியாவில் பிரிட்டிஷ் படை கைப்பற்றிய டைகர் 131-ஐயும் கொடுத்து உதவியது. படம் வந்த பிறகு ஃப்யூரி டாங்கியைச் செய்தவர்கள் ஏராளம். வெளியே கட்டியிருக்கும் மரக்கட்டைகள், மூட்டைகள், பீரங்கிக் குழாயில் எழுதிய பெயர் எல்லாம் அச்சு அசலாக வந்தன. உள்ளே அந்த இருக்கையைச் செய்தவர்கள் குறைவு.

குறை சொல்வதற்கில்லை. இறப்பை எந்த அளவுக்குப் பொம்மையில் காட்டலாம் என்பது இந்தப் பொழுதுபோக்கில் தீராத சண்டை. ரத்தக் கறை பூசுவது அவமரியாதை என்பார் ஒருவர். பூசாமல் விடுவது பொய் என்பார் இன்னொருவர். கூப்பரின் பட்டறை இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைத் தற்செயலாகக் காட்டுகிறது.

ஷெர்மன் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். வெளியே பல மாதத்துச் சேறு, மங்கிய பச்சை, தேய்ந்த விளிம்புகள், எல்லாம் வழக்கம் போல. சுழல் கூண்டின் பக்கவாட்டில் மட்டும் ஒரு ரூபாய் நாணயத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராத சின்ன வட்டம், வெல்டிங் வைத்து அடைத்த தழும்பு, அதைச் சுற்றிக் கொஞ்சம் புதிய பச்சை. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தால் எண்ணெய் இல்லை, கீறல் இல்லை, காலடி இல்லை. சுவரும், கம்பிகளும், தரையின் இடுக்குகளும் ஒரே சீராக வெள்ளை. வண்ணம் அடிக்கக் கூடாத ரப்பர் விளிம்பில்கூட அவசரத்தில் பட்ட வெள்ளை. ஐந்து இருக்கைகளும் காலி.

போட்டிகளில் நடுவர்கள் டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார்கள். இதைப் பார்த்துவிட்டு, உட்புற வேலையைப் பாதியில் விட்டுவிட்டார் என்று மதிப்பெண்ணைக் குறைக்கவும் வாய்ப்பிருக்கிறது.